இரண்டு பீரோவுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டர்

அந்த அம்மா என்னைக் கம்ப்யூட்டராக நியமித்தபோது நான் எங்கள் தொழிற்சங்கத்தின் கிளைத் துணைச் செயலாளர். அதற்கு முந்தின வாரம்தான் அம்பத்தூர் ரயில் நிலையத்து வாசலில் வெயிலில் நின்று, "வேலையைப் பறிக்கும் கம்ப்யூட்டரே, திரும்பிப் போ!" என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்திருந்தேன். எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்களில் ஒருத்தர்கூட அதுவரை ஒரு கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை. வராத ஒன்றைத் திரும்பிப் போகச் சொல்வதில் தனி உற்சாகம் இருந்தது.

அவரை நாங்கள் சூப்ரண்டம்மா என்றுதான் கூப்பிட்டோம். அறைக் கதவில் 'கண்காணிப்பாளர்' என்று எழுதியிருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. ஐந்தடிக்கும் குறைவான உயரம். கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் பருத்திப் புடவை. தோளில் பெரிய ரெக்சின் பை. அந்தப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு இஞ்ச் டேப், நாலைந்து சாக்பீஸ், கையில் தூக்கிப் பிடித்து எடை பார்க்கிற ஸ்பிரிங் தராசு எல்லாம் எப்போதும் இருக்கும். மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தாலே காய்கறிக்காரர்கள் தாங்களாகவே ஒரு கத்தரிக்காயைக் கூடப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு.

ஒரு பொருளால் நன்மை உண்டு என்று யார் சொன்னாலும் அவர் மறுக்கமாட்டார். நம்பவும் மாட்டார். "செஞ்சு பாத்தா தெரிஞ்சுடப் போவுது" என்பார். பிறகு நிஜமாகவே செய்து பார்ப்பார். அங்கேதான் மற்றவர்களுக்குக் கஷ்டம் ஆரம்பிக்கும்.

நூம்பலில் வீட்டு மனை பார்க்கப் போனபோது, "எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒரு சொட்டு நிக்காதும்மா" என்றாராம் தரகர். சரி என்று சொல்லிவிட்டு ஐப்பசி வரும்வரை காத்திருந்தார். நல்ல அடைமழை நாளாகப் பார்த்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியும் குடையுமாகப் போய் அந்த மனையின் நடுவில் உட்கார்ந்தார். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர், கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியதும் எழுந்து, நாற்காலியை நாலு மனை தள்ளிப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். அங்கே சாயங்காலம் வரை கால் நனையவில்லை. "இத முடிச்சுடுங்க" என்றார். பக்கத்தில் நாள் முழுக்க நின்ற தரகருக்கு மூன்று நாள் ஜுரம்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். பட்டாபிராமில் இருந்து வந்த பையனிடம் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, நாளைக்குக் காலைல ஆபீஸ் நேர ரயில்ல சென்ட்ரல் வரைக்கும் ஒரு நடை போய் வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். மூச்சு விட முடியாத கூட்டம். திருமுல்லைவாயிலில் ஏறிய ஒரு கனத்த மனிதர் பையனின் காலை நன்றாக மிதித்துவிட்டார்.

"அப்புறம்?" என்று நாங்கள் கேட்டோம்.

"'பரவால்ல சார், இன்னொண்ணு கீது'ன்னான். முடிச்சுட்டேன்."

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் துறை, கம்ப்யூட்டர் வாங்கும் குழுவில் ஓர் உறுப்பினராகப் போட்டது.

எங்கள் அலுவலகம் ஓர் உதிரிபாகக் கிடங்கு. வட மாவட்டங்களில் ஓடும் துறை ஜீப், லாரி, ஆம்புலன்ஸ் எதில் எது உடைந்தாலும் அங்கங்கே இருக்கும் பணிமனைகள் எங்களிடம்தான் ஆள் அனுப்பவேண்டும். உடைந்த துண்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு திருவண்ணாமலையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் டிரைவர்கள் பஸ் ஏறி வருவார்கள். கவுண்டரில் சீட்டைக் கொடுப்பார்கள். நாங்கள் லெட்ஜரைப் புரட்ட ஆரம்பிப்போம். அதுவரை அவர்கள் தகரக் கூரை போட்ட முற்றத்தில் காத்திருப்பார்கள். சிலருக்கு அரை நாள், சிலருக்கு ஒன்றரை நாள். அங்கேயே பல் தேய்ப்பார்கள், துண்டு உலர்த்துவார்கள், சீட்டு ஆடுவார்கள். ஒரு கல்யாணச் சம்பந்தமே அந்த முற்றத்தில் பேசி முடிந்திருக்கிறது.

மூன்று கம்பெனிகள் டெண்டர் போட்டிருந்தன. பெரிய கம்பெனி ஐந்து திரைகளும் ஒரு குளிர் அறையும் கேட்டது. இன்னொன்று அதற்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது, இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி. ஒரே ஒரு திரை போதும் என்றது. எங்கள் துணை இயக்குநர் (டி.டி. என்போம்) பெரிய கம்பெனிதான் என்று மனசுக்குள் முடித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சுழல் நாற்காலியும் மேஜை மேல் இருந்த கறுப்பு டெலிபோனும்தான் அவருடைய பெருமை. கிடங்கு முழுவதற்கும் அது ஒன்றே டெலிபோன். எண் சுழற்றும் வட்டில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். சாவி அவர் பர்ஸில் இருக்கும்.

பெரிய கம்பெனியின் பிரதிநிதி மவுண்ட் ரோட்டிலிருந்து ஆட்டோவில், டை கட்டிக்கொண்டு வந்தார். குழு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளில் ஒரு பத்தி இருந்தது: எதிர்பார்க்கப்படும் பயன்கள். அதை நிரப்ப வேண்டியவர் சூப்ரண்டம்மா.

"எந்த பார்ட் எந்த ரேக்ல இருக்குன்னு ரெண்டே நிமிஷத்துல சொல்லிடும் மேடம்" என்றார் அவர்.

"சொன்னதும்?"

"சொன்னதும்... உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சதும்?"

அவர் டையைக் கொஞ்சம் தளர்த்தினார். "நேரம் மிச்சமாகும் மேடம்."

"யாரு நேரம்?"

"எல்லாரோடதும்."

"எல்லாரும்னு இங்க யாரும் வேல செய்யல சார். பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

துணை இயக்குநர் குறுக்கே வந்தார். "மேடம், இது மாடர்ன் டெக்னாலஜி. தீயணைப்பான் மாதிரி இதைக் கொளுத்திப் பார்க்க முடியாது."

அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம், இருபது விநாடியில் எந்தத் தீயும் அணையும் என்று ஒருவர் தீயணைப்பான் விற்க வந்தார். சூப்ரண்டம்மா முற்றத்தில் பழைய மரப்பெட்டிகளைக் குவித்துப் பற்றவைத்து, "அணைங்க சார்" என்றார். வந்தவருக்கு அதன் ஊசியைப் பிடுங்கத் தெரியவில்லை. கடைசியில் வாட்ச்மேன் மணல் வாளியோடு ஓடிவந்து அணைத்தார். அந்த வருஷம் நாங்கள் எட்டு மணல் வாளிகள் வாங்கினோம்.

"கம்ப்யூட்டரே வரணும்னு இல்ல சார்" என்றார் சூப்ரண்டம்மா. "வந்தா அது இன்னா செய்யுமோ, அத ஒரு ஆளு ஒக்காந்து செஞ்சா போதும். பன்னெண்டு நாள் நடத்திப் பாப்போம். நல்லது நடந்துச்சுன்னா அப்படியே எழுதிடறேன்."

"யார் அந்த ஆள்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சாருக்குத்தான் கம்ப்யூட்டர் மேல அவ்ளோ கோவம். அவரே இருக்கட்டும். அவர் ஒக்காந்தும் நல்லா ஓடுச்சுன்னா, நம்ம வேணும்னே செஞ்சோம்னு யாரும் சொல்ல முடியாது பாருங்க."

நான் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். அவர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "போ தோழர்" என்றார். "போய் நல்லா சொதப்பு. நீ செய்யற ஒவ்வொரு தப்பும் தொழிலாளிக்கு நீ செய்யற தொண்டு."

கவுண்டருக்குப் பின்னால் இரண்டு இரும்பு பீரோக்களை எதிரெதிராக நிறுத்தி, நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். முன்னால் ஜீப் ரேடியேட்டர் வந்த அட்டைப் பெட்டியைக் கட்டி, அதில் சீட்டுப் போக ஓர் ஓட்டை, சீட்டு வர ஓர் ஓட்டை. லெட்ஜரில் இருந்ததையெல்லாம் அட்டை அட்டையாகப் பெயர்த்து எழுதி, செருப்புக் கடைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடம் ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கி வந்திருந்தார் சூப்ரண்டம்மா.

விதிகளையும் சொன்னார். கம்ப்யூட்டர் பேசக்கூடாது. கேட்டதற்கு மட்டும் எழுத்தில் பதில். எழுந்து நடக்கக்கூடாது.

"டீ?" என்றேன்.

"கம்ப்யூட்டர் டீ குடிக்குமா சார்?"

"இந்தக் கம்ப்யூட்டர் டீ இல்லாம ஓடாது மேடம்."

யோசித்தார். "சரி, கரெண்ட் கட்டுன்னு வச்சுக்குவோம். பதினோரு மணிக்கு ஒரு கட்டு, நாலு மணிக்கு ஒரு கட்டு."

முதல் நாள் காலை முதல் சீட்டு உள்ளே விழுந்தது. தர்மபுரி டிரைவர் ஒருவர் கிளட்ச் தட்டு கேட்டிருந்தார். நான் சொதப்பத்தான் உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக. ஆனால் பெட்டியைத் திறந்ததும் அந்த அட்டை தானாகக் கையில் வந்துவிட்டது. 'ரேக் 14, தட்டு 3, ஆறு உள்ளது' என்று எழுதி வெளியே தள்ளினேன்.

வெளியே ஒரே கூச்சல். "நாப்பது செகண்டு!" என்று கத்தினார் முனுசாமி. கிடங்குச் சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் ஸ்டோர்கீப்பர் அவர். "கம்பெனிக்காரன் ரெண்டு நிமிசம்னுகினு இருந்தான். நம்ம ஆளு நாப்பதே செகண்டுபா! மாமே, உள்ள காத்து வருதா? விசிறட்டா?"

நாலைந்து பேர் கைதட்டினார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. வர்க்கப் போராட்டம் அந்த இடத்திலேயே என்னைவிட்டு இறங்கிப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் முப்பத்தைந்து விநாடி. மறுநாள் முப்பது. வீட்டிலும் நான் தலையை ஆட்டியே பதில் சொல்ல ஆரம்பித்ததில் என் மனைவி பயந்துபோய்த் தாயத்து கட்டிவிட்டாள்.

சூப்ரண்டம்மா மட்டும் கை தட்டவில்லை. வரும் ஒவ்வொரு டிரைவர் பின்னாலும் சாக்பீஸோடு நடந்துகொண்டிருந்தார். அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று சுவரில் கோடு கோடாக இழுத்தார். மூன்றாம் நாள் என்னைக் கரெண்ட் கட்டில் வெளியே அழைத்துக் காட்டினார்.

"இந்தா, இந்தக் கடுகு மாதிரி இருக்குதே, இதான் நீங்க. முப்பது செகண்டு. இந்த நீளக் கோடு முனுசாமி. டீக்குப் போயிட்டாரு. இது மூணு கையெழுத்து. இது டி.டி. சார் மீட்டிங். இது கேட் பாஸ். சார், நீங்க பிரமாதமா ஓடறீங்க. ஆனா முத்தத்துல ஒரு ஆளு கொறையல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சூப்ரண்டம்மா முனுசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"நான் இன்னாமா பண்ணுவேன்?" என்றார் அவர். "மின்னாடியெல்லாம் லெட்ஜரு பாத்துட்டு ரேக் நம்பரு சொல்ல ஒரு மணி நேரம் ஆவும். அந்த கேப்புல டீக்குப் பூட்டு வருவேன். இப்ப இது பொசுக்கு பொசுக்குனு துப்பிகினு கீது. என் டீ பழக்கத்த எங்க கொண்டு போறது?"

ஆறாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். நரைத்த மீசை, வெளுத்த காக்கிச் சட்டை, சாக்குக்குள் ஆம்புலன்ஸ் கியர் பெட்டியின் ஒரு பல்சக்கரம். சீட்டு உள்ளே விழுந்தது. 'இல்லை' என்று எழுதித் தள்ளினேன். பதினெட்டு விநாடி! அதுவரை நான் தொடாத வேகம். கைதட்டலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

கைதட்டல் வரவில்லை. அட்டை ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

"ஐயா, உள்ள இருக்கறவரே. இது மூணாவது நடைங்க. ஒவ்வொரு நடையும் விடியக்காலைல பஸ் ஏறி வர்றேன். இல்லங்கறத இங்க வந்துதான் தெரிஞ்சுக்கணுமா? நான் கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா?"

கம்ப்யூட்டர் பேசக்கூடாது. பேசிவிட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க?"

"எங்கங்க கேக்கறது?"

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டிய சூப்ரண்டம்மா மறந்து நின்றிருந்தார். பிறகு மளமளவென்று போய், ஆறு நாளாகச் சேர்ந்த பதில் சீட்டுகளைத் தரையில் கொட்டி, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். 'உள்ளது' ஒரு பக்கம், 'இல்லை' ஒரு பக்கம். 'இல்லை' குவியல்தான் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்த அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"சார், உங்களால இன்னா நன்மைன்னு கெடைச்சுடுச்சு! 'இல்ல'ன்னு சொல்றீங்க பாருங்க, அதான் நன்மை. ஆனா அத இங்க சொல்லி பிரயோஜனம் இல்ல. அங்க சொல்லணும். அவங்க பஸ் ஏறறதுக்கு மின்னாடி."

"அங்க எப்படி மேடம்?"

அவர் துணை இயக்குநரின் அறைக் கதவைப் பார்த்தார். துணை இயக்குநர் அன்றுதான் ஒரு பயிற்சிக்காக டில்லிக்கு ரயில் ஏறியிருந்தார்.

"டெலிபோன்ல பூட்டு கீதே மேடம்" என்றேன். பயத்தில் எனக்கே பேச்சு மாறிவிட்டது.

"பூட்டு நம்ம கூப்புடறதுக்குத்தான் சார். வர்ற ஃபோனுக்கு ஏது பூட்டு?"

அன்று மதியமே எல்லாப் பணிமனைகளுக்கும் தந்தி போனது. ஆள் அனுப்பும் முன் இந்த எண்ணில் கேட்கவும், கம்ப்யூட்டர் பதில் சொல்லும் என்று வாசகம். கீழே 'துணை இயக்குநருக்காக' என்று சூப்ரண்டம்மாவின் கையெழுத்து. செருப்புப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, துணை இயக்குநரின் அறையில் இறக்கினோம். நான் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் மணி அடித்தது.

"ஹலோ, கம்ப்யூட்டருங்களா?"

"ஆமா, கம்ப்யூட்டர்தான் பேசறேன்."

"வணக்கங்க! திருப்பத்தூர் ஃபோர்மேன். பிரேக் ஷூ இருக்குங்களா?"

"நாலு இருக்குங்க. ஆளை அனுப்புங்க."

"ரொம்ப நன்றிங்க. சாப்டீங்களா?"

"கம்ப்யூட்டர் சாப்பிடாதுங்க."

"அட பாவமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் அவர்.

அதற்கப்புறம் மணி ஓயவில்லை. இருக்கிறது, இல்லை, அடுத்த வாரம் வரும், வேலூர் பணிமனையில் ஒன்று சும்மா கிடக்கிறது, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத பொருளுக்காக யாரும் புறப்படவில்லை. யார் எதற்கு வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், கையெழுத்தெல்லாம் வாங்கி, பொருளைக் கட்டி, முனுசாமி கேட்டிலேயே தயாராக நின்றார். அதற்கப்புறம் நிதானமாக டீக்கும் போனார். ஃபோன் வர ஆரம்பித்த மூன்றாம் நாள் முற்றத்தில் இரண்டு காக்கைகள் மட்டும் நடந்துகொண்டிருந்தன.

"இன்னாபா இது" என்றார் முனுசாமி, "கல்யாணம் முடிஞ்ச மறுநாளு ஊடு மாதிரி கீது!"

சூப்ரண்டம்மா அந்தக் காலி முற்றத்தை இஞ்ச் டேப்பால் அளந்தார். எதற்கு என்று கேட்டால், "தெரியலபா, சந்தோஷமா கீது" என்றார். மத்தியானம் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தார். லெட்ஜர் பிரிவே காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஃபோனில் ரசிகர்கள் ஏற்பட்டிருந்தார்கள்.

பயிற்சி சீக்கிரம் முடிந்து துணை இயக்குநர் ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார். வாசலில் இறங்கியவர் காலி முற்றத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"ஸ்ட்ரைக்கா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"இல்லீங்க சார்."

"அப்ப ஜனங்க எங்க?"

"கம்ப்யூட்டர் வரவேணாம்னு சொல்லிடுச்சுங்க சார்."

தான் இல்லாத சமயத்தில் மெஷினே வாங்கிவிட்டார்கள் என்று நினைத்து அறைக்கு ஓடினார். அங்கே அவருடைய நாற்காலியில், அவருடைய டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, சங்கத்தின் கிளைத் துணைச் செயலாளர். நான் பதறி எழுந்தேன். நாற்காலி மட்டும் தன்பாட்டுக்கு ஒரு சுற்று சுற்றி நின்றது.

இரண்டு பேருக்கும் மெமோ. எனக்கு வந்தது சின்னது. அதிகாரியின் பெயரில் அனுமதியில்லாமல் தந்தி அனுப்பியதாகச் சூப்ரண்டம்மாவுக்கு வந்தது பெரியது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஒன்பது வருஷமாக அவர் காத்திருந்த பட்டியல்.

துணை இயக்குநர் அவரை அழைத்து நயமாகவே பேசினார். நான் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. "மேடம், ஃபோனை மறந்துடுங்க. அஞ்சு ஸ்கிரீனால நன்மைன்னு ஒரு வரி எழுதிடுங்க. மெமோ ரிஜிஸ்டர்ல ஏறறதுக்கு முன்னாடி நான் திரும்ப வாங்கிக்கறேன். உங்களுக்கு அடுத்த மாசம் ப்ரமோஷன்."

சூப்ரண்டம்மா அந்தத் தாளை வாங்கினார். பேனாவைத் திறந்தார். எழுதிவிடுவார் என்றே நினைத்தேன். எழுதியிருந்தால் நான் தப்பு சொல்லியிருக்கமாட்டேன். பேனா தாள் மேல் நின்றது. முதல்முறையாக அவர் குரல் சின்னதாகக் கேட்டது.

"வரமாட்டேங்குது சார். கை போவமாட்டேங்குது."

மறு வாரம் குழு கூடியது. தலைமை அலுவலகத்திலிருந்து நிதி அலுவலர் வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். கூட்டம் துணை இயக்குநரின் அறையிலேயே நடந்தது. கேட்டால் எடுத்துக் கொடுக்க, செருப்புப் பெட்டிகளோடு நான் ஓரமாக நின்றேன். ஐந்து திரைகளின் பெருமையைத் துணை இயக்குநர் விளக்கிக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது. அவர் எடுத்தார். எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஹலோ, கம்ப்யூட்டருங்களா?"

"இல்லை. நான் டெபுடி டைரக்டர்."

"அவர் வேணாங்க. கம்ப்யூட்டரைக் கூப்பிடுங்க, அவசரம்."

துணை இயக்குநர் ரிசீவரை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நிதி அலுவலர் எழுந்துபோய் அதை வாங்கினார்.

"சொல்லுங்க. எங்கேருந்து பேசறீங்க? செங்கமா? என்ன வேணும்? ஃபேன் பெல்ட்டா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரேக் இருபத்திரெண்டு, தட்டு ஒண்ணு, பதினொண்ணு இருக்கு சார்" என்றேன், பெட்டியைத் திறக்காமலே.

"இருக்குங்க, ஆளை அனுப்புங்க" என்றார் அவர் ஃபோனில். "நானா? நான்... கம்ப்யூட்டரோட அசிஸ்டென்ட்."

ரிசீவரை வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு அந்தச் சிரிக்காத மனிதர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தார்.

ஒரே திரை கேட்ட சின்னக் கம்பெனிக்கு ஆர்டர் போனது. அதன் பக்கத்தில், கவுண்டரில், டெலிபோன் இருக்கவேண்டும் என்றும் முடிவானது. புது இணைப்புக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். துணை இயக்குநர் தன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்ரண்டம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

"லைன் ஒண்ணுதான் சார். கருவி ரெண்டு வச்சுக்கலாம். கவுண்டர்ல ஒண்ணு, சார் மேஜைல ஒண்ணு. ரெண்டு எடத்துலயும் மணி அடிக்கும். சார் எடுக்க வேண்டாம். அடிக்கணும், அவ்ளோதான்."

துணை இயக்குநர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தலையை அசைத்தார்.

ஆனால் மெமோ அதற்குள் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. ஏறியதை யாராலும் இறக்க முடியவில்லை. சூப்ரண்டம்மாவின் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. அது வந்தபோது அவர் ஸ்பிரிங் தராசால் அந்த உத்தரவுக் கவரை எடை பார்த்து, முள் அசையவில்லை என்று எங்களுக்குக் காட்டினார். சொதப்பத் தவறிய குற்றத்துக்காக சங்கம் என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியது.

கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டோம். சுவிட்சைப் போட்டதும் அது வெகுநேரம் யோசித்தது. முனுசாமி என் காதருகே குனிந்து, "இன்னா மாமே, உன்ன விட ஸ்லோவா கீதே!" என்றார். இயக்குவதற்கு ஆள் வேண்டும் என்றபோது, முன் அனுபவம் உள்ளவர் என்று சூப்ரண்டம்மா என் பெயரை எழுதினார். முதல் வாரமே அந்தப் பல்சக்கரம் கிடங்குக்கு வந்து சேர, திருவண்ணாமலைக்குத் தகவல் சொல்லி ஒரே நடையில் அனுப்பிவைத்தோம்.

ஒரு வருஷம் கழித்துத் தலைமை அலுவலகம் ஓர் அறிக்கை கேட்டது. வாங்கிய கம்ப்யூட்டரால் உண்மையில் கிடைத்த பயன் என்ன? சூப்ரண்டம்மா மறுபடி சாக்பீஸோடு நடக்க ஆரம்பித்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் நரைத்த மீசைக்காரர் வந்து நின்றார். கையில் சீட்டு இல்லை, ஒரு துணிப்பை மட்டும்.

"பார்ட் நம்பரு சொல்லு நைனா" என்றார் முனுசாமி.

"ஒண்ணும் வேணாங்க. கொரட்டூர்ல மக வீட்டுக்கு வந்தேன். அப்படியே கம்ப்யூட்டரை ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு."

சூப்ரண்டம்மா அவரை அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார். பச்சை எழுத்துகளை அவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "என்னோட பேசினது இதில்லீங்களேம்மா" என்றார்.

சூப்ரண்டம்மா என்னைக் காட்டினார். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பையில் வேகவைத்த நிலக்கடலை. முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் உரித்துத் தின்றோம். மேஜையில் மணி அடிக்காத ஒரு சமயம் பார்த்து துணை இயக்குநரும் வந்து ஒரு கை அள்ளிக்கொண்டார். அரை மணி நேரம் பேசிவிட்டு, மகள் தேடுவாள் என்று திருவண்ணாமலைக்காரர் கிளம்பினார்.

மறுநாள் அறிக்கையைக் கையெழுத்துக்கு எடுத்துப் போனது நான்தான். கோடுகள், நேரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிப் பத்தி, 'எதிர்பாராத பயன்கள்'. அதில் சூப்ரண்டம்மா தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: 'ஒருவர் எந்தத் தேவையும் இல்லாமல் கிடங்குக்கு வந்தார். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.'

துணை இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தவர், கையெழுத்துப் போடாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கடலையை விட்டுட்டாங்க" என்றார். "சேர்த்து எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்க."